ஓக்லஹோமா: கிழிந்த தாளும் கிழியாத தாளும்

நம் துறையில் மூன்றாம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்டன் தேநீர் விருந்து, லிங்கன், உள்நாட்டுப் போர், ரூஸ்வெல்ட்டின் புதிய ஒப்பந்தம்... பத்து மார்க் கேள்விக்கு ஆறு தலைப்பு, ஐந்து மார்க் கேள்விக்கு பன்னிரண்டு தலைப்பு என்று வகுந்து மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வெளியே வந்தோம். அந்தப் பாடத்தில் ஓக்லஹோமா என்ற பெயர் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மலர்க் குழு இளைஞர்கள், "சார், வரலாறு எழுதுங்க, ஆனா நோட்ஸ் மாதிரி எழுதிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நோட்ஸில் இல்லாத ஒரு மாநிலத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க வரைபடத்தில் டெக்சாஸுக்கு நேர் மேலே பாருங்கள். வாணலிக்குக் கைப்பிடி வைத்த மாதிரி மேற்கே ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஓக்லஹோமா. பரப்பளவு சுமார் 1,81,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடப் பெரிது. ஆனால் 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 40 லட்சத்தைத் தொடவில்லை! பெயர் சாக்டா என்ற பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. 'ஓக்லா' என்றால் மக்கள், 'ஹும்மா' என்றால் சிவப்பு. சிவப்பு மக்கள். நாம் படித்த காலத்துப் புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று போட்டிருக்குமே, அதே பொருள். நான் இங்கே பழங்குடி மக்கள் என்றே எழுதுகிறேன்.

கதை 1830-ல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு மே 28-ஆம் தேதி ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழும் பழங்குடி மக்களை ஆற்றுக்கு மேற்கே அனுப்பிவிடலாம், அங்கே மாற்று நிலம் தரலாம் என்பது சட்டம். செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் என்று ஐந்து இனத்தார் இதில் முக்கியமாக அகப்பட்டார்கள். கிரீக் மக்கள் தங்களை மஸ்கோகி என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெயர் கடைசியில் மறுபடி வரும், மறந்துவிடாதீர்கள்.

இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிட வேண்டாம். செரோக்கிகளில் செக்வோயா என்று ஒருவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே, நமக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்று உட்கார்ந்து, 1821-ல் தன் மொழிக்குத் தானே எழுத்து உண்டாக்கி முடித்தார். ஓர் அசைக்கு ஒரு குறி, மொத்தம் எண்பத்துச் சொச்சம். க, கி, கு என்று உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு அந்த முறை சட்டென்று புரியும். 1827-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், 1828-ல் செரோக்கி மொழியும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகை! நம் மொழியில் முதல் பத்திரிகை எப்போது வந்தது என்று துறை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வழக்கும் போட்டார்கள். 1832-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். செரோக்கி நிலத்துக்குள் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்றார். ஆனால் தீர்ப்பை அமல்படுத்த வேண்டிய கை ஜனாதிபதியுடையது. அந்தக் கை அசையவில்லை. 1835 டிசம்பரில் செரோக்கிகளில் ஒரு சிறு கூட்டம் நிலத்தை விட்டுத்தர ஒப்பந்தம் போட்டது. தலைவர் ஜான் ராஸ் கையெழுத்திடவில்லை. பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். இருந்தும் செனட் சபையில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு! கையெழுத்திட்டவர்களில் அந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியரான எலியாஸ் பூடினாட்டும் ஒருவர். 1839-ல் சொந்த மக்களே அவரைக் கொன்றார்கள்.

1838-ல் ராணுவம் வந்தது. சுமார் 16,000 செரோக்கிகள் வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைக்கப்பட்டு மேற்கே நடத்தப்பட்டார்கள். நடுக் குளிர்காலம். முகாமிலும் வழியிலுமாக ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைத்தான் கண்ணீர்ப் பாதை என்கிறார்கள். இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இந்த ஐந்து இனத்திலும் வசதியானவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளும் கூடவே நடந்தார்கள். அவர்கள் கண்ணீருக்குத் தனியாகப் பெயர் வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா. "இனி இது உங்கள் நிலம், உங்கள் இனம் இருக்கும்வரை உங்களுக்கே" என்ற கருத்தில் ஒப்பந்தங்கள் எழுதித் தரப்பட்டன. எழுதித் தந்தது அமெரிக்க அரசாங்கம், முத்திரையோடு. இந்தக் கட்டுரையின் கிழியாத தாள் அதுதான்.

சரி, ஐம்பது ஆண்டு தாண்டலாம். உள்நாட்டுப் போரில் தெற்கத்தியரோடு சேர்ந்தீர்கள் என்று காரணம் காட்டி 1866-ல் மேற்குப் பகுதி நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ரயில் வந்தது. நடுவே யாருக்கும் ஒதுக்காமல் இருபது லட்சம் ஏக்கர் கிடந்தது. வெள்ளைக் குடியேறிகள் கண் அதன் மேல். 1889 ஏப்ரல் 22, பகல் சரியாக 12 மணி. எல்லைக் கோட்டில் சுமார் 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் காத்திருந்தார்கள். சமிக்ஞை கிடைத்ததும் ஓட்டம்! முதலில் போய்க் கம்பு நட்டவனுக்கு 160 ஏக்கர். காலையில் வெறும் ரயில் நிலையமாக இருந்த கத்ரி மாலைக்குள் பத்தாயிரம் பேர் கொண்ட கூடாரப் பட்டணமாகிவிட்டது. ஓக்லஹோமா சிட்டியும் அன்று பிறந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், 12 மணிக்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து புதரில் ஒளிந்திருந்து நல்ல நிலத்தைப் பிடித்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 'சூனர்' என்று பெயர் வந்தது. முந்திக்கொண்டவன் என்று அர்த்தம். ஏமாற்றுக்காரன் என்ற வசை அது. நிலத் தகராறு வழக்குகள் பல ஆண்டு நடந்தன. இன்று? ஓக்லஹோமாவின் செல்லப் பெயரே 'சூனர் மாநிலம்'! மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கும் அதே பெயர். மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் அதைச் சொல்லி ஆரவாரிக்கிறார்கள். வசை எப்படிப் பட்டமாகிறது என்று மொழியியல் துறைக்காரர்கள் யாராவது எழுதலாம்.

பழங்குடி மக்களிடம் மிச்சமிருந்த நிலத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். பொதுவில் இருந்த நிலத்தைப் பிரித்து ஆளுக்கொரு தனிப்பட்டா போட்டுக் கொடுத்துவிடுவது. கேட்க நல்ல சீர்திருத்தம் மாதிரி இருக்கிறதல்லவா? பட்டா கைக்கு வந்ததும் கடன், வரி, போலிப் பத்திரம், காப்பாளர் என்ற பெயரில் வந்த வக்கீல்கள். நம் ஊர் நிலத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. 1905-ல் பழங்குடித் தலைவர்கள் மஸ்கோகி நகரில் கூடி, எங்களுக்கென்று 'செக்வோயா' என்ற பெயரில் தனி மாநிலம் வேண்டும் என்று அரசியல் சட்டமே எழுதி அனுப்பினார்கள். வாஷிங்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1907 நவம்பர் 16-ல் இரண்டு பகுதியையும் சேர்த்து ஓக்லஹோமா 46-ஆவது மாநிலமாயிற்று. அன்றைக்குக் கத்ரியில் மாப்பிள்ளையாக ஓக்லஹோமாப் பகுதி, பெண்ணாக இந்தியப் பகுதி என்று வேஷம் போட்டு ஒரு கல்யாண நாடகம் நடத்தினார்கள். பெண்ணின் சம்மதம் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

புதிய மாநிலச் சட்டசபையின் செனட் கொண்டுவந்த முதல் மசோதா எது தெரியுமா? ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி. பள்ளிக்கூடமோ பாசனமோ அதற்குப் பிறகுதான். 1915-ல் பொதுத் தொலைபேசிக் கூண்டுகூடத் தனியாக்கப்பட்டது.

இதற்கிடையில் எண்ணெய் பீறிட்டது. 1905-ல் கண்டுபிடித்த கிளென் பூல் வயல் டல்சா என்ற சிற்றூரைப் பணக்கார நகரமாக்கியது. ஓசேஜ் இனத்தார் மட்டும் கெட்டிக்காரத்தனமாக 1906-ல் நிலத்தடிக் கனிம உரிமையைப் பிரிக்காமல் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். 2,229 பங்கு. பங்கு பரம்பரையாகப் போகும், விற்க முடியாது. பணம் கொட்டியது. அப்புறம் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பித்தார்கள். துப்பாக்கி, விஷம், வீட்டுக்கு வெடிகுண்டு. கல்யாணம் செய்துகொண்டு பங்குக்கு வாரிசாகி, பிறகு கொல்வது. வில்லியம் ஹேல் என்ற பெரிய மனிதர் ஆயுள் தண்டனை பெற்றார். 2023-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும் என்பதால் டல்சாவுக்குப் போகிறேன்.

டல்சாவில் ரயில் பாதைக்கு வடக்கே கிரீன்வுட் என்று கறுப்பின மக்களின் பகுதி. தெற்குப் பக்கக் கடைகளில் மரியாதை கிடைக்காததால் தங்களுக்குத் தாங்களே எல்லாம் கட்டிக்கொண்டார்கள். ஸ்டிராட்ஃபோர்ட் என்பவரின் ஓட்டல், டிரீம்லேண்ட் சினிமாக் கொட்டகை, டாக்டர்கள், வக்கீல்கள், 'டல்சா ஸ்டார்' என்ற சொந்தப் பத்திரிகை. 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்று பெயர் எடுத்த வட்டாரம்.

1921 மே 30. டிக் ரோலண்ட் என்ற கறுப்பின இளைஞன், காலணிக்குப் பாலிஷ் போடுபவன், ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறினான். லிஃப்ட் இயக்கியது சாரா பேஜ் என்ற வெள்ளைப் பெண். அவள் கத்தினாள், அவன் ஓடினான். கால் இடறி அவள் கையைப் பிடித்திருப்பான் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மறுநாள் 'டல்சா டிரிப்யூன்' மாலைப் பத்திரிகை, பெண்ணைத் தாக்கிய நீக்ரோ பிடிபட்டான் என்று செய்தி போட்டது. இரவுக்குள் அவன் இருந்த நீதிமன்றச் சிறையைச் சுற்றிப் பெருங்கூட்டம். அவனைத் தூக்கிலிடாமல் காப்பாற்ற, உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்பினச் சிப்பாய்கள் உட்படச் சிலர் துப்பாக்கியோடு வந்தார்கள். தள்ளுமுள்ளில் ஒரு குண்டு வெடித்தது.

ஜூன் 1 விடியலில் ஆயிரக்கணக்கானோர் ரயில் பாதையைத் தாண்டி கிரீன்வுட்டுக்குள் நுழைந்தார்கள். முதலில் கொள்ளை, பிறகு தீ. கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த டாக்டர் ஏ. சி. ஜாக்சன் சுடப்பட்டு இறந்தார். மேலே விமானங்கள் பறந்தன. 35 தெருக்கட்டங்கள் சாம்பல். செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் எரிந்த வீடுகள் 1,256. உயிர் தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் காவலில் வைத்தார்கள், வீட்டை இழந்தவர்களையே! அரசுக் கணக்கில் இறந்தவர் 36. பிற்கால விசாரணைக் குழுவின் மதிப்பீடு 100-இலிருந்து 300 வரை. கொலைக்காகவும் தீவைப்புக்காகவும் ஒரு வெள்ளையர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 'கலவரம்' என்று பெயர் வைத்துவிட்டதால் காப்பீட்டுக் கம்பெனிகள் பணம் தர மறுத்தன. ஒரு சொல்லுக்கு எத்தனை டாலர் விலை என்று அன்று தெரிந்தது. டிக் ரோலண்டைப் பற்றிக் கேட்கிறீர்களா? வழக்கு கைவிடப்பட்டது. அந்தப் பெண்ணுக்கே வழக்கு நடத்த விருப்பமில்லை.

அப்புறம் வந்ததுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. பேச்சு நின்றது. பாடப் புத்தகத்தில் இல்லை, ஊர்ச் சொற்பொழிவில் இல்லை. அந்த மே 31 'டிரிப்யூன்' இதழைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தேடியபோது, முதல் பக்கத்தில் அந்தச் செய்தி இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. தலையங்கப் பக்கத்திலும் ஒரு பகுதி இல்லை. மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே யாரோ கிழித்திருக்கிறார்கள். ஒரு நகரத்தின் நினைவைக் கையாலேயே கிழித்தெடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் நான் படித்ததில்லை.

ஆனால் எல்லாத் தாளும் அவர்கள் கைக்குச் சிக்கவில்லை. பி. சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வக்கீலின் அலுவலகமும் எரிந்துபோயிற்று. மனிதர் ஒரு கூடாரம் போட்டு, உள்ளே தட்டச்சு இயந்திரத்தை வைத்து வழக்குப் போட ஆரம்பித்தார். எரிந்த இடத்தில் மரவீடு கட்டக் கூடாது என்று நகராட்சி புதுச் சட்டம் போட்டது. மக்களை விரட்டிவிட்டு நிலத்தைப் பிடிக்கும் தந்திரம். ஃபிராங்க்ளின் நீதிமன்றத்தில் அதை உடைத்தார். கிரீன்வுட் மறுபடி எழுந்தது. தான் கண்டதை 1931-ல் பத்துப் பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தப் பத்துப் பக்கம் 2015-ல்தான் வெளிச்சத்துக்கு வந்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அவர் மகன் யார் தெரியுமா? வரலாற்றுப் பேராசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின்! 1947-ல் வெளிவந்த அவருடைய கறுப்பின மக்கள் வரலாறு இன்றும் வகுப்பறைகளில் இருக்கும் நூல். அந்தக் கலவரத்தின்போது அவருக்கு ஆறு வயது. குடும்பம் டல்சாவுக்குக் குடிவர இருந்தது. அப்பாவிடம் இருந்ததெல்லாம் எரிந்துபோனதால் நான்கு ஆண்டு தள்ளிப்போயிற்று.

முப்பதுகளின் தூசிப்புயலைப் பற்றி இரண்டு வரி. கோதுமை விலைக்கு ஆசைப்பட்டுப் புல்வெளியையெல்லாம் டிராக்டரால் உழுதுபோட்டார்கள். மழை பொய்த்தது. 1935 ஏப்ரல் 14 ஞாயிறன்று பகலே இருட்டிவிட்டது. ஜான் ஸ்டீன்பெக்கின் 1939 நாவலால் உலகத்துக்கே தெரிந்த கதை. ஆனால் அந்த நாவலின் குடும்பம் கிளம்பும் சாலிசா என்ற ஊர் புயல் அடித்த மேற்கில் இல்லை, கிழக்கே செரோக்கி நிலத்தில் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களில் பலர் தூசியால் அல்ல, குத்தகை நிலம் பறிபோனதால் கிளம்பிய பருத்தி விவசாயிகள்.

கல்லூரி மலருக்கு எழுதும்போது மக்லாரினை விட முடியாது. ஜார்ஜ் மக்லாரின் ஏற்கனவே ஆசிரியராக இருந்தவர். முனைவர் பட்டத்துக்குப் படிக்க ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வழக்குப் போட்டுத்தான் 1948-ல் இடம் வாங்கினார். இடம் கொடுத்தார்கள், எப்படி? வகுப்பறைக்குப் பக்கத்துச் சிற்றறையில் தனி நாற்காலி. நூலக மாடியில் தனி மேஜை. உணவகத்தில் தனி மேஜை, தனி நேரம். பாடம் காதில் விழும், சகமாணவன் முகம் பார்த்துப் பேச முடியாது. 1950 ஜூன் 5-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இது செல்லாது என்றது. சக மாணவரோடு விவாதிப்பதும் கல்விதான் என்பது தீர்ப்பின் சாரம். நான்கு ஆண்டு கழித்து வந்த புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்புக்கு இது ஒரு படிக்கட்டு. நம் பாடத்தில் பிரவுன் உண்டு, படிக்கட்டு இல்லை.

கிளாரா லூப்பரும் நம் இனம்தான், வரலாற்று ஆசிரியை! 1958 ஆகஸ்ட் 19 அன்று ஓக்லஹோமா சிட்டியில் காட்ஸ் மருந்துக் கடையின் உணவு மேடையில் பதின்மூன்று சிறுவர் சிறுமியரை உட்கார வைத்துக் குளிர்பானம் கேட்கச் சொன்னார். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சில நாளில் கடை இறங்கி வந்தது. உலகமெல்லாம் அறிந்த கிரீன்ஸ்பரோ மறியல் நடந்தது 1960-ல்தான். லூப்பரைப் பிற்பாடு இப்படிப்பட்ட போராட்டங்களில் 26 முறை கைது செய்தார்கள்.

1995 ஏப்ரல் 19 காலை 9.02-க்கு அதே நகரத்தில் மத்திய அரசுக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் இறந்தார்கள், அதில் 19 குழந்தைகள். முதலில் சந்தேகம் மேற்காசியக்காரர்கள் மேல் போயிற்று. செய்தவன் டிமத்தி மக்வே, முன்னாள் அமெரிக்கச் சிப்பாய். அந்த இடத்தில் இன்று 168 வெற்று நாற்காலிகள் நிற்கின்றன, 19 மட்டும் சின்னவை.

1997-ல் சட்டமன்ற உறுப்பினர் டான் ராஸின் முயற்சியால் டல்சாவைப் பற்றி விசாரணைக் குழு அமைந்தது. 2001-ல் அறிக்கை வந்தது. 2020-ல் ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் தோண்டியபோது பெயரில்லாப் பிரேதப் பெட்டிகள் கிடைத்தன. 2024-ல் மரபணுச் சோதனையால் ஒருவருக்குப் பெயர் கிடைத்தது: சி. எல். டேனியல், முதல் உலகப் போர்ச் சிப்பாய். அதற்கு முந்தின மாதம்தான், நூறு வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் போட்ட இழப்பீட்டு வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது.

இனி மஸ்கோகிக்கு வருவோம். ஜிம்சி மக்கர்ட் என்ற செமினோல் மனிதர் 1997-ல் மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். குற்றம் கொடியது, அவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது: குற்றம் நடந்த இடம் கிரீக் இனத்துக்கு ஒப்பந்தப்படி கொடுத்த நிலம், அங்கே என்னை விசாரிக்க மாநிலத்துக்கு அதிகாரம் ஏது? 2020 ஜூலை 9-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீல் கோர்சச், பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி. பட்டா பிரித்தார்கள், நீதிமன்றங்களை மூடினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் 'அந்த ஒதுக்கீடு முடிந்தது' என்று காங்கிரஸ் எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதாதவரை பழைய வாக்கு நிற்கிறது என்றார். அதன் பிறகு மாநில நீதிமன்றமே மற்ற நான்கு இனத்தாரின் நிலத்துக்கும் அதை ஏற்றது. டல்சாவின் பெரும்பகுதி உட்பட மாநிலத்தின் கிழக்குப் பாதியே குற்றவியல் சட்டத்தின் கண்ணில் மறுபடி பழங்குடி நாடு! யாருடைய வீட்டுப் பத்திரமும் மாறவில்லை, வழக்கு போகும் நீதிமன்றம்தான் மாறியது. 2022-ல் இன்னொரு ஐந்துக்கு நான்கு தீர்ப்பு வந்து, பழங்குடியினர் மீது மற்றவர்கள் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று கொஞ்சம் பின்னால் இழுத்தது.

இந்த ஆண்டு அமெரிக்க வரலாற்றுப் பாடம் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மக்கர்ட் தீர்ப்பும் 2001 டல்சா அறிக்கையும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தீர்ப்பின் முதல் பக்கத்தை மட்டுமாவது அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், நடை கடினமாக இருக்காது. கண்ணீர்ப் பாதையின் மறுமுனையில் என்ன இருந்தது என்று சொல்லித்தான் அது ஆரம்பிக்கிறது.